சுவரில் தொங்கும் பெட்டி யாருடையது?

மும்பையின் கிழக்குப் புறநகரில், துறைமுக ரயில் பாதையின் கோவண்டி நிலையத்தை அடுத்து விரிந்து கிடக்கிறது தேவ்நார். நகரின் பிற பகுதியினருக்கு இப்பெயர் நினைவூட்டுபவை இரண்டு: 1927 முதல் மாநகரத்தின் குப்பை கொட்டப்பட்டு வரும் மேடு, 1971-இல் திறக்கப்பட்ட மாபெரும் இறைச்சிக்கூடம். குப்பைமேட்டின் ஓரமாகவே சிவாஜி நகரும் பைங்கன்வாடியும் எழுந்தன. 1970-களில் நகரத்தின் உட்பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட உழைப்பாளி மக்களுக்கு 10 அடிக்கு 15 அடி என அளந்து கொடுக்கப்பட்ட மனைகள் அவை. மனை அகலவில்லை, குடும்பம் பெருகியது, எனவே வீடு மேல்நோக்கி வளர்ந்தது. கீழே ஓர் அறை, செங்குத்தான இரும்பு ஏணி, மேலே இரும்புத் தகட்டின்மீது பாவப்பட்ட தளம், அதன்மேல் இன்னோர் அறை.

அப்படிப்பட்ட வீடுகளின் வாசற்படிக்கு மேலே இப்போது ஒரு வெள்ளைப் பெட்டி தொங்குகிறது. மெல்லிய கறுப்புக் கம்பியொன்று சந்தின் குறுக்கே நூறு கம்பிகளோடு பின்னிப் பிணைந்து வந்து அதில் முடிகிறது. குழந்தைகளின் பாடம், நியாயவிலைக் கடை அட்டையின் சரிபார்ப்பு, உணவு கொண்டுசெல்லும் இளைஞரின் அன்றைய வேலை, வெளிநாட்டில் உழைக்கும் தகப்பனின் முகம் ஆகிய அனைத்தும் அப்பெட்டியின் வழியாகவே வீட்டுக்குள் நுழைகின்றன. மாதந்தோறும் கட்டணம் தவறாமல் கட்டப்படுகிறது. ஆயினும் மேலறையில் படம் நின்று நின்று ஓடுகிறது. புகார் கொடுத்தால், ‘உங்கள் வீடு வரை வேகம் சரியாகத்தான் வருகிறது’ என்னும் விடை கிடைக்கிறது. அவ்விடை பெரும்பாலும் உண்மையே. கம்பியில் வந்த வேகம் பெட்டியில் தொலைந்துபோகிறது. ‘அப்படியானால் பெட்டியை மாற்றிக்கொள்கிறோம், வேறொன்று வாங்கிக்கொள்கிறோம்’ என்று வீட்டார் சொன்னால், பல நிறுவனங்களிடம் அதற்கு இடமில்லை. பெட்டி நிறுவனத்தினுடையது, இணைப்பு அப்பெட்டியில் மட்டுமே வேலை செய்யும்.

சிறிய விஷயமாகத் தோன்றலாம். வீடும் குடிநீரும் கழிவறையும் இன்னும் தீராத சிக்கலாக இருக்கும் ஒரு வட்டாரத்தில் ரூட்டரைப் பற்றி எழுதுவதா என்று கேட்கவும் செய்யலாம். ஆனால் வீட்டுக்குள் இருக்கும் ஒரு பொருளின்மீது வீட்டாருக்கு எவ்வளவு அதிகாரம் உண்டு என்பதே இங்கு எழும் கேள்வி. சொத்துடைமை பற்றிய கேள்வி எந்த உருவில் வந்தாலும் சிறியதாக இருப்பதில்லை.

முதலில் பெட்டியைப் புரிந்துகொள்ள வேண்டும். கண்ணாடி இழை வழியாக ஒளியாக வரும் தகவலை மின்துடிப்பாக மாற்றுவது ஒரு வேலை. அத்தகவலை வீட்டிலுள்ள கைப்பேசி, தொலைக்காட்சி, கணினி ஆகியவற்றுக்கு உரிய முகவரி பார்த்துப் பிரித்தனுப்புவது இரண்டாம் வேலை. ரூட்டர் என்னும் பெயர் இதற்கே உரியது. தமிழில் இதற்குத் திசைவி என்று நல்லதொரு சொல் உருவாக்கப்பட்டிருக்கிறது. ஆனால் தேவ்நார்ச் சந்துகளில் அதை ‘டப்பா’ என்றே அழைக்கிறார்கள். அலைகளாக்கி வைஃபை என வீட்டுக்குள் பரப்புவது மூன்றாம் வேலை. இம்மூன்று வேலைகளையும் மூன்று தனித்தனிக் கருவிகள் செய்யலாம். முன்பு அப்படித்தான் செய்தன. இன்று நிறுவனங்கள் மூன்றையும் ஒரே உறைக்குள் அடைத்து, பூட்டி, சாவியைத் தம்மிடம் வைத்துக்கொள்கின்றன.

இத்தகைய கருவிக்குத் தொழில்துறை வைத்திருக்கும் ஆங்கிலப் பெயரை மொழிபெயர்த்தால் ‘வாடிக்கையாளர் இருப்பிடக் கருவி’ என்று வரும். சொற்றொடரைச் சற்றே நின்று படித்தால் அதன் சூட்சுமம் விளங்கும். வாடிக்கையாளருடையது எது? இருப்பிடம். கருவி எவருடையது என்பதைப் பெயர் சொல்லாமல் விட்டுவிடுகிறது. இடமும் மின்சாரமும் வாடிக்கையாளர் தருகிறார். வைப்புத்தொகையும் பல வேளைகளில் அவரே கட்டுகிறார். தூசி துடைப்பதும் அவரே. உடைமையும் கட்டுப்பாடும் மட்டும் வேறிடத்தில் இருக்கின்றன.

கட்டுப்பாடு என்பது வெறும் காகித உரிமை அன்று. 2004 முதல் புழக்கத்தில் இருக்கும் டிஆர்-069 என்னும் நெறிமுறையின் வழியாக நிறுவனம் தன் அலுவலகத்திலிருந்தபடியே ஆயிரக்கணக்கான வீடுகளின் பெட்டிகளைத் திறந்து அமைப்புகளை மாற்றலாம், மென்பொருளைப் புதுப்பிக்கலாம், பழுதைச் சரிசெய்யலாம். இதில் பயனுண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை. கணினி அறியாத முதியவர் வாழும் வீட்டில் ஒருவர் நேரில் வராமலே பழுது நீங்குவது நல்லதுதான். ஆனால் அந்த வாசல் எப்போது திறக்கப்பட்டது, எதற்காகத் திறக்கப்பட்டது, அதை மூடிவைக்க முடியுமா என்பவை வீட்டாருக்குத் தெரிவதில்லை. தம் வீட்டுக் கதவின் மாற்றுச்சாவி மற்றொருவரிடம் இருப்பதை அறிந்தே வாழ்வது ஒருவகை. அறியாமலே வாழ்வது இன்னொருவகை.

தேவ்நார் போன்ற நெருக்கமான குடியிருப்பில் பெட்டியின் தரம் வேகத்தையே தீர்மானிக்கிறது. பழைய, மலிவான பெட்டிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்னும் அலைவரிசையில் மட்டுமே பேசும். அவ்வலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாமல் இயங்கக்கூடிய தடங்கள் மூன்றே: 1, 6, 11. தனி வீடுகள் உள்ள தெருவில் மூன்று தடங்கள் போதும். கைநீட்டினால் எதிர்வீட்டுச் சுவரைத் தொடக்கூடிய சந்தில், இருபது முப்பது பெட்டிகள் அம்மூன்று தடங்களுக்காக முட்டி மோதுகின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இடம் தாராளம். 2018 அக்டோபரில் ஒன்றிய அரசு அதன் பெரும்பகுதியை உரிமமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிட்டது. அதில் பேசும் பெட்டி சந்தையில் கிடைக்கிறது. ஆனால் அவ்வலைகள் இரும்புத் தகட்டைத் துளைத்துச் செல்லா. எனவே மேலறைக்குத் தனியாக ஒரு சிறு கருவி வைக்க வேண்டும். இவையெல்லாம் வீட்டின் அமைப்பை அறிந்த வீட்டார் செய்துகொள்ள வேண்டிய தெரிவுகள். கொலாபாவின் அகன்ற குடியிருப்புக்கும் பைங்கன்வாடியின் பத்தடி அறைக்கும் ஒரே பெட்டியை அனுப்பும் நிறுவனத்தால் அத்தெரிவைச் செய்ய முடியாது. 100 மெகாபிட்டுக்குப் பணம் கட்டி அதில் சிறு பங்கை மட்டுமே பெறும் குடும்பம், நிறுவனம் தந்த பெட்டியின் பழைமைக்கும் சேர்த்தே பணம் கட்டுகிறது.

கருவியின் உடைமை பற்றிய இவ்வழக்கு புதியதன்று. அமெரிக்காவில் தொலைபேசித் துறையை ஏறத்தாழ முழுதுமாகத் தன்கையில் வைத்திருந்த ஏடி அண்ட் டி நிறுவனம், தன் வலையில் ‘அந்நிய இணைப்பு’ எதனையும் பொருத்தக் கூடாது என விதி வைத்திருந்தது. தொலைபேசியும் அதனுடையது; வாடகை மட்டும் சந்தாதாரருடையது. பேசுவது பக்கத்தில் இருப்பவர் காதில் விழாமலிருக்க, பேசும் வாயில் மாட்டிக்கொள்ளும் ஒரு கிண்ணத்தை ஹஷ்-ஏ-போன் என்னும் சிறு நிறுவனம் விற்றுவந்தது. மின்சாரமோ கம்பியோ இல்லாத வெறும் கிண்ணம் அது. அதையும் தடுக்க ஏடி அண்ட் டி வழக்காடியது. பொதுமக்களுக்குத் தீங்கு செய்யாத வகையில் தன் தொலைபேசியைத் தன் விருப்பப்படி பயன்படுத்தச் சந்தாதாரருக்கு உரிமை உண்டு என்னும் திசையில் 1956-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் டெக்சாஸைச் சேர்ந்த தாமஸ் கார்ட்டர் என்பவர், எண்ணெய் வயல்களில் வேலை செய்வோரின் வானொலிக் கருவியைத் தொலைபேசியோடு பேசவைக்கும் ஒரு சாதனத்தை விற்றார். அதுவும் தடுக்கப்பட்டது. 1968 ஜூனில் அந்நாட்டின் தகவல்தொடர்பு ஆணையம் கார்ட்டருக்கு ஆதரவாக முடிவு செய்தது. வலைக்குக் கேடு விளைவிக்காத எந்தக் கருவியையும் தடுக்க நிறுவனத்துக்கு அதிகாரம் இல்லை என்றாயிற்று.

அதன்பின் நிகழ்ந்தது கவனிக்கத்தக்கது. ‘கண்ட கண்ட கருவிகளை மாட்டினால் வலை பாழாகிவிடும்’ என்று நிறுவனம் எழுப்பிய அச்சத்துக்கு, தடையின் மூலமாக அல்லாமல் சான்றின் மூலமாக விடை கண்டார்கள். சோதித்துப் பதிவு செய்யப்பட்ட கருவி எதுவாயினும் இணைக்கலாம் என்ற முறை 1970-களில் வந்தது. வலை பாழாகவில்லை. பதிலுரைக்கும் கருவி, தொலைநகல், வீட்டுக் கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு பேசவைத்த மோடம் ஆகியன அத்திறப்பின் வழியாகவே வீடுகளுக்குள் பெருமளவில் நுழைந்தன. நிறுவனத்தின் அனுமதிக்காகக் காத்திருந்தால் இணையம் வீடு வந்து சேர இன்னும் எத்தனை ஆண்டுகள் ஆகியிருக்குமோ.

இந்தியாவிலும் கதை அதே இடத்தில்தான் தொடங்கியது. பெங்களூரில் 1948-இல் நிறுவப்பட்ட ஐடிஐ தயாரித்த கறுப்புத் தொலைபேசி, அரசுத் துறையின் சொத்தாக வீட்டு முன்கூடத்தில் வீற்றிருந்தது. அதைப் பெற ஆண்டுக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் பல. பொதுவுடைமையின்பால் பற்றுள்ளோர் இதைச் சொல்லாமல் கடந்துவிடக் கூடாது: வலை பொதுத்துறையினுடையதாக இருந்தபோதும், கருவியின் விஷயத்தில் சந்தாதாரர் அப்போது கையேந்தி நின்றவரே. பின்னர் நிலை மாறியது. தொலைபேசிக் கருவியைக் கடையில் வாங்கி மாட்டிக்கொள்வது இயல்பாயிற்று. 2005-இல் அரசு நிறுவனங்களின் அகலப்பட்டை இணைப்பு வந்தபோது மோடத்தை வாடகைக்கு எடுக்கலாம், விலைக்கு வாங்கலாம், அல்லது வெளிச்சந்தையில் பொருத்தமானதை வாங்கி இணைக்கலாம் என்ற தெரிவுகள் இருந்தன. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சந்தாதாரர் கையில் கொடுக்கப்பட்டன. கண்ணாடி இழைக்கு வந்தபின்னரும் பிஎஸ்என்எல் அவ்வழக்கத்தை முற்றிலும் கைவிடவில்லை. சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் பழக்கம் தனியார் கார்ப்பரேட்டுகளின் கையில் சந்தை குவிந்த காலத்தில்தான் பெருவழக்காயிற்று. தாராளமயம் தெரிவுகளைப் பெருக்கும் என்று சொன்னவர்கள், பெட்டியை அவிழ்க்கவே முடியாத நிலையை விளக்கக் கடமைப்பட்டவர்கள்.

கருவியைக் காட்டிச் சந்தாதாரரைக் கட்டிப்போடும் உத்தியை இந்நாடு முன்பும் கண்டதுண்டு. 2003 மழைக்காலத்தில் 501 ரூபாய் கட்டினால் கைப்பேசி என்று ரிலையன்ஸ் அறிவித்தபோது தெருவெல்லாம் அதே பேச்சாக இருந்தது. ஏழைகளின் கைக்குத் தொலைபேசி வந்தது என்பது உண்மை. அக்கைப்பேசியில் சிம் அட்டை இல்லை. எனவே வேறு நிறுவனத்துக்கு அதைக் கொண்டுபோக முடியாது என்பதும் உண்மை. அந்தத் தொழில்நுட்பச் சேவை பிற்காலத்தில் மூடப்பட்டபோது எஞ்சியிருந்த கருவிகள் வெறும் நெகிழியாயின. எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் உரிமை 2011 ஜனவரியில்தான் நாடு முழுதும் வந்தது. அதுவும் நிறுவனங்கள் மனமுவந்து கொடுத்ததன்று, ஒழுங்குமுறை ஆணையம் கட்டாயப்படுத்தியதால் வந்தது. தொலைக்காட்சிப் பெட்டிமேல் வைக்கும் செட்டாப் பாக்ஸையும் எந்த நிறுவனத்தின் சேவைக்கும் பயன்படும்படி அமைக்க வேண்டும் என்று 2020 ஏப்ரலில் டிராய் பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை இன்னும் வீடுகளை வந்தடையவில்லை. நிறுவனம் மாறும்போதெல்லாம் பழைய பெட்டி பரணுக்குப் போகிறது.

இதற்கு நேர்மாறான முன்மாதிரி மின்சாரத்தில் இருக்கிறது. 2003 மின்சாரச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, மீட்டரின் விலைக்கு ஈடாக வைப்புத்தொகை கேட்க விநியோக நிறுவனத்துக்கு அதிகாரம் தருகிறது. நுகர்வோர் தாமே மீட்டரை வாங்க விரும்பினாலன்றி. அச்சட்டத்தின் ஏனைய பகுதிகள் தனியார்மயத்துக்கே கதவு திறந்தவை என்பது வேறு. ஆயினும் கருவியைச் சொந்தமாக வாங்கும் தெரிவைச் சட்டமே பெயர் சொல்லி ஏற்றுக்கொண்டது. மீட்டரைத் தாண்டி வீட்டுக்குள் என்ன விசிறி சுழல வேண்டும், எந்த விளக்கு எரிய வேண்டும் என்று எந்த மின்நிறுவனமும் சொல்வதில்லை. இணையத்தில் மட்டும் விசிறியையும் நிறுவனமே தேர்ந்தெடுக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல் இயற்றிய இணையச் சமத்துவ விதியின் மூன்றாம் பிரிவு, தகவலையும் சேவைகளையும் தாம் விரும்பும் கருவியைக் கொண்டே பெறப் பயனருக்கு உரிமை உண்டென அறிவிக்கிறது. ஜெர்மனி அதைத் தெளிவான சட்டமாக்கியது. 2016 ஆகஸ்ட் 1 முதல் அங்கே வலையின் எல்லை சுவரிலுள்ள இணைப்புமுனையோடு முடிகிறது. அதற்கு இப்பால் இருப்பது வீட்டாருடையது. இணைப்புக்குத் தேவையான பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேளாமலே, கட்டணமின்றித் தரவேண்டியது நிறுவனத்தின் கடமை. கண்ணாடி இழை வலைகளுக்கு மட்டும் விதிவிலக்கு வேண்டும் என நிறுவனங்கள் பின்னாளில் கேட்டன. அங்குள்ள ஒழுங்குமுறை ஆணையம் இணங்கவில்லை. அமெரிக்காவில்கூட, தன் சொந்த ரூட்டரைப் பயன்படுத்துபவரிடம் தராத ரூட்டருக்கு வாடகை வசூலிப்பதை 2019-இல் இயற்றிய சட்டம் தடுத்தது.

இந்தியாவுக்கும் இணையச் சமத்துவப் போராட்டம் உண்டு. 2015-இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் டிராய்க்குப் போய்ச் சேர்ந்தன. ஃபேஸ்புக்கின் இலவச அடிப்படைச் சேவை என்னும் தூண்டில் அறுபட்டது. 2016 பிப்ரவரி 8 அன்று பாகுபாடான கட்டணங்களுக்குத் தடை வந்தது. மக்கள் கருத்து கார்ப்பரேட்டுகளை வென்ற அரிய தருணம் அது. ஆனால் ஐரோப்பிய விதியில் ஒரே மூச்சில் சொல்லப்பட்ட இரு உரிமைகளில் ஒன்றை மட்டுமே இந்தியா எடுத்துக்கொண்டது. சாலையில் எல்லா வண்டிகளும் சமம் என்றாயிற்று. வீட்டு வாசற்கதவு எவர் கையில் என்பது பேசப்படாமலே நின்றுவிட்டது.

பாதுகாப்பு என்னும் வாதத்தை நிறுவனங்கள் முன்வைக்கும்போது அதை எள்ளி நகையாடிவிட்டுப் போவது முறையன்று. 2016 நவம்பரில் ஜெர்மனியில் ஏறத்தாழ 9 லட்சம் ரூட்டர்கள் ஒரு தாக்குதலில் செயலிழந்தன. அவற்றைத் தாக்கியவர்கள் பயன்படுத்திய வழி, நிறுவனம் தொலைவிலிருந்து கட்டுப்படுத்துவதற்காகத் திறந்துவைத்திருந்த அதே வாசல். 2017 ஜூலையில் இந்தியாவில் பிஎஸ்என்எல், எம்டிஎன்எல் சந்தாதாரர்களின் மோடம்கள் பெருமளவில் தாக்கப்பட்டன. தயாரிப்பாளர் வைத்த ‘அட்மின்’ என்னும் கடவுச்சொல் மாற்றப்படாமலே இருந்தது காரணம். முதல் நிகழ்வு நிறுவனத்தின் முழுக் கட்டுப்பாடு பாதுகாப்பல்ல என்று காட்டுகிறது. இரண்டாவது, கருவி எவருடையதாயினும் பராமரிக்காவிட்டால் ஆபத்து என்று காட்டுகிறது. ஒரே வகைப் பெட்டி லட்சம் வீடுகளில் இருந்தால் ஒரே ஓட்டை லட்சம் வீடுகளைத் திறந்துவிடும். தொலைத்தொடர்புக் கருவிகளுக்குக் கட்டாயச் சோதனையும் சான்றளிப்பும் இந்தியாவில் 2019 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்துள்ளன. கண்ணாடி இழை வலைக்கருவிகளும் அப்பட்டியலில் உண்டு. அரசின் சான்று பெற்ற கருவியைச் சந்தாதாரர் வாங்கிப் பொருத்துவதால் வலைக்கு என்ன கேடு என்று நிறுவனங்களே சொல்ல வேண்டும்.

ஏழைக் குடும்பம் ரூட்டருக்குத் தனியாகப் பணம் போட முடியுமா என்ற கேள்வி இதைவிடக் கனமானது. எல்லாரும் சொந்தக் கருவி வாங்கியே தீரவேண்டும் என்பது உரிமையாகாது. அது புதிய செலவு. நிறுவனம் கருவி தரும் கடமையிலிருந்து நழுவாமலும், வாங்க விரும்புவோரைத் தடுக்காமலும் விதி அமைய வேண்டும். இன்னொன்றும் உண்டு. பூட்டப்படாத பெட்டிக்கு இரண்டாம் கைச் சந்தை உண்டாகும். ஒரு வீட்டில் தேவை முடிந்த கருவி குறைந்த விலையில் அடுத்த வீட்டில் ஒளிவிடும். ஒரு நிறுவனத்தின் வலையில் மட்டுமே உயிர்வாழும் பெட்டிக்கு அந்த மறுபிறப்பு கிடையாது, அது குப்பை. நகரத்தின் குப்பை எங்கே போகிறது என்பதை தேவ்நார் மக்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2016-இல் குப்பைமேடு பற்றியெரிந்தபோது நாள்கணக்கில் புகையை உண்டவர்கள் அவர்கள். பழைய மின்கருவிகளை உடைத்துச் செம்பையும் தகட்டையும் பிரிக்கும் வேலையில் கையுறையின்றி உட்கார்ந்திருப்போரும் இத்தகைய வட்டாரங்களைச் சேர்ந்தவர்களே. நன்றாக இயங்கும் ஒரு பெட்டியைப் பூட்டின் காரணமாகவே குப்பையாக்குவதன் விலையை அவர்களின் நுரையீரல் கொடுக்கிறது.

பூட்டின் இன்னொரு பலன் ஏகபோகம். சேரிச் சந்துகளிலும் மறுகுடியமர்வுக் கட்டடங்களிலும் ஒரு சந்துக்கு, ஒரு கட்டடத்துக்கு ஒரே கம்பிக்காரர் என்னும் நிலை உருவாகிவிட்டால், சட்டப்படி எத்தனை நிறுவனங்கள் இருந்தாலும் வீட்டாருக்கு இருப்பது ஒன்றே. மகாராஷ்டிர அரசு தாராவி மறுமேம்பாட்டுக்காக தேவ்நார்க் குப்பைமேட்டின் 124 ஏக்கர் நிலத்தை ஒதுக்க 2024 அக்டோபரில் முடிவெடுத்தது. தாராவித் தமிழர்களில் எவர் எவர் அந்த மேட்டுக்கு அனுப்பப்படுவார்கள் என்னும் பெருங்கேள்விக்கு முன் இணைய இணைப்பு சிறியதே. ஆயினும் மாடிக் கட்டடத்தில் குழாய் புதைக்கும் நாளிலேயே எந்தக் கம்பி உள்ளே வரும் என்பதும் முடிவாகிவிடுகிறது. அம்முடிவைக் குடியிருக்கப் போகிறவர்கள் எடுப்பதில்லை.

இதில் வீட்டு வாசலில் வந்து நிற்கும் தொழிலாளியின் நிலையையும் பார்க்க வேண்டும். ஏணியைத் தோளில் சுமந்து வருபவர் பெரும்பாலும் ஒப்பந்தக்காரரின் ஆள். நிறுவனத்தின் சட்டையை அணிந்திருப்பவர், சம்பளப் பட்டியலில் இல்லாதவர். பெட்டியின் கடவுச்சொல் அவருக்கும் தரப்படுவதில்லை. வைஃபை மேலறைக்கு எட்டவில்லை என்று வீட்டார் அவரைத் திட்டுகிறார்கள். புகார் மீண்டும் வந்தால் ஒப்பந்தக்காரர் அவரது கூலியில் கைவைக்கிறார். பூட்டைப் போட்டவர் இந்த இருவர் கண்ணிலும் படுவதில்லை.

தேவ்நாரில் சயான்–டிராம்பே சாலையை ஒட்டி அரசின் தொலைத்தொடர்புத் தொழிற்சாலை இருக்கிறது. தபால் தந்தித் துறைக் காலத்திலிருந்து வந்து, பின்னர் பிஎஸ்என்எல் வசம் சென்ற தொழிற்சாலைகளில் ஒன்று. நாட்டின் தொலைபேசி வலைக்கு வேண்டிய பெட்டிகளையும் பொருத்துகளையும் பொதுத்துறைத் தொழிலாளர்கள் செய்து கொடுத்த காலம் இருந்தது. 1986 ஏப்ரல் 1 முதல் மும்பைக்கும் தில்லிக்கும் தொலைபேசி வழங்கிய எம்டிஎன்எல், அலைக்கற்றைக் கடனிலும் அரசின் புறக்கணிப்பிலும் மூழ்கி, வங்கிக் கடனைத் திருப்பித்தர இயலாத நிலைக்குத் தள்ளப்பட்டது. 2020 ஜனவரி 31 அன்று பிஎஸ்என்எல், எம்டிஎன்எல் இரண்டிலுமாக 90,000-க்கும் மேற்பட்டோர் விருப்ப ஓய்வு என்னும் பெயரில் ஒரே நாளில் வெளியேறினர். கம்பத்தையும் கம்பியையும் மனப்பாடமாக அறிந்திருந்த கைகள் அவை. நகரத்தில் சாவியைச் சந்தாதாரர் கையில் கொடுத்துப் பழகிய ஒரே பெரிய நிறுவனம் நலிந்தபோது, கொடுக்காத நிறுவனங்களோடு ஒப்பிட்டுப் பேசவும் ஆளில்லாமற் போயிற்று. கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசு 2023 ஜூன் 5 அன்று தொடங்கிய கே-ஃபோன், 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்னும் இலக்கோடு மாநிலமே சொந்தமாக இழை பதிக்கலாம் என்று காட்டியது. அத்தகைய பொதுவலைகள் கருவியின் விஷயத்திலும் முன்மாதிரியாக வேண்டும். கறுப்புத் தொலைபேசிக் காலத்துப் பழக்கத்துக்குத் திரும்பிவிடக் கூடாது.

டிராய் செய்ய வேண்டியது பெரிய ஆராய்ச்சியன்று. வலையின் எல்லை எங்கே முடிகிறது என்று ஒரு வரி எழுத வேண்டும். சான்று பெற்ற எந்தக் கருவியையும் அந்த எல்லையில் பொருத்தலாம் என இரண்டாம் வரி. பயனர் பெயர், கடவுச்சொல், தொலைபேசிச் சேவைக்கான விவரங்கள் ஆகியவற்றை இணைப்புக் கொடுக்கும் நாளிலேயே எழுத்தில் தரவேண்டும் என மூன்றாம் வரி. பெட்டியைத் திருப்பிக் கொடுத்தவுடன் வைப்புத்தொகையும் திரும்ப வேண்டும் என நான்காம் வரி. 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிஎம்-வாணி திட்டம், தேநீர்க் கடைக்காரரும் உரிமமின்றித் தம் இணைப்பை மக்களோடு பகிர்ந்து விற்கலாம் என்கிறது. கடைக்காரர் கையில் பெட்டியின் சாவி இல்லாமல் அதை எப்படி விற்பார் என்று திட்டம் வகுத்தவர்கள் விளக்கவில்லை.

விதி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சிறு கம்பிக்காரர்கள் பலர் தரும் இணைப்பு சாதாரண வலைக்கம்பியாகவே வீட்டுக்குள் வருகிறது. அங்கே எந்த ரூட்டரையும் பொருத்தலாம், தேவை பயனர் பெயரும் கடவுச்சொல்லும் மட்டுமே. மூன்று வேலைகளும் ஒரே பெட்டியில் அடைபட்ட இணைப்புகளில், அப்பெட்டியை வெறும் பாலமாக மட்டும் இயங்கும் நிலைக்கு மாற்றித்தரும்படி கேட்கலாம். அதன்பின் வீட்டாரின் ரூட்டர் எஞ்சிய வேலைகளைப் பார்த்துக்கொள்ளும். சில நிறுவனங்கள் கேட்டால் செய்து தருகின்றன, சில மறுக்கின்றன. அதுவும் மறுக்கப்பட்டால், பெட்டியின் வைஃபையை அணைத்துவிட்டு, 5 கிகாஹெர்ட்ஸில் பேசும் சொந்தக் கருவியொன்றைக் கம்பியால் அதனோடு இணைத்து மேலறையில் வைக்கலாம். எந்த நிலையிலும் ‘அட்மின்’ கடவுச்சொல்லை முதல் நாளிலேயே மாற்றிவிட வேண்டும். வைப்புத்தொகைக்குப் பெட்டியின் வரிசை எண் எழுதிய ரசீது கேட்டு வாங்க வேண்டும். தனியொருவர் கேட்டால் ‘கணினியில் அப்படி வசதி இல்லை’ என்று திருப்பி அனுப்பப்படுவார். ஒரு சந்தின் நாற்பது வீடுகளும் கையெழுத்திட்டு, கம்பிக்காரரிடமும் நிறுவனத்தின் குறைதீர் பிரிவிலும் ஒரே நாளில் மனுக் கொடுத்து, அதற்குரிய புகார் எண்களை வாங்கி வைத்துக்கொண்டால், அந்த எண்களோடு மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம்.